பை அடுக்குவதிலிருந்து பாவசங்கீர்த்தனம் வரை: ஆர்.சி. தொடக்கப் பள்ளிப் பிள்ளை தன் காலில் நிற்க

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது: "மகன் எங்கள் பங்குக் கோயிலின் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். அடுத்த வருடம் புதுநன்மை, முதல் முறையாக நற்கருணை வாங்கப்போகிறான். இன்னும் பை அடுக்குவது, ஷூ லேஸ் கட்டுவது, டைரி பார்ப்பது எல்லாம் நான்தான். சின்னதாக ஏதாவது நடந்தாலும் அழுதுவிடுகிறான். 'கொஞ்சம் தனியா விடுங்கம்மா' என்கிறார் டீச்சர். எப்படி விடுவது, எங்கிருந்து ஆரம்பிப்பது?"

டீச்சர் சொன்னது சரி. ஆனால் தனியாக விடுவது என்று முடிவெடுத்த வீடுகளில் பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், திங்கட்கிழமை எல்லாப் பொறுப்பையும் பிள்ளை தலையில் கட்டிவிட்டு, புதன்கிழமை பொறுக்க மாட்டாமல் அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். பிள்ளைக்கு அதிலிருந்து கிடைக்கும் பாடம் "என்னால் முடியாது" என்பதுதான். ஆகவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை. அது முழுதாக அவன் கைக்குப் போன பிறகு அடுத்தது.

உங்களுக்கு வேண்டியவை இரண்டு. தன் வேலையைத் தானே செய்யும் பழக்கம் ஒன்று. தவறு நடந்துவிட்டால் அழுது உட்கார்ந்துவிடாமல் அதிலிருந்து திரும்பி வரும் வழி தெரிந்திருப்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கடினம், அதைத்தான் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். கத்தோலிக்கப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டையும் கற்றுக்கொடுக்கும் கருவிகள் பள்ளியிலும் கோயிலிலும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றை வீட்டுக்குள் கொண்டுவந்தால் போதும்.

முதல் கருவி, திருத்தந்தை பதினோராம் பயஸ் 1931இல் எழுதிய சுற்றுமடலில் இருக்கிறது. ஒரு சிறிய அமைப்பால் செய்துகொள்ளக்கூடிய காரியத்தை அதைவிடப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்வது அநீதி என்கிறார். அவர் பேசியது அரசையும் சமுதாயத்தையும் பற்றி. ஆனால் ஒவ்வொரு காலையும் ஷூ முன்னால் குனியும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள்: இது இவனால் முடியாததா, அல்லது நேரமாகிவிட்டது என்று நான் எடுத்துக்கொள்கிறேனா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும். அப்படியானால் மாற்ற வேண்டியது எழும் நேரத்தை. கால் மணி நேரம் முன்னால் எழுப்பினாலே பாதி வேலைகள் அவன் கைக்குப் போய்விடும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஏழு வயது நிறைந்த பிள்ளைக்குப் பகுத்தறியும் ஆற்றல் வந்துவிட்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 97ஆம் பிரிவு. திருத்தந்தை பத்தாம் பயஸ் 1910இல் புதுநன்மை வயதை ஏறத்தாழ ஏழுக்குக் கொண்டுவந்ததும் அந்த நம்பிக்கையில்தான். நம் பங்குகளில் எட்டு முதல் பத்து வயதுக்குள் கொடுக்கிறார்கள். நன்மை தீமையைத் தானே ஆராய்ந்து பார்க்க முடியும் என்று திருச்சபை நம்பும் பிள்ளையை, நாளைக்கு என்னென்ன நோட்டு வேண்டும் என்று பார்த்து எடுத்து வைக்கவும் நம்பலாம்.

பையிலிருந்து தொடங்குங்கள். டைம்டேபிளைப் பெரிய எழுத்தில் எழுதி, அவன் கண் உயரத்தில் ஒட்டுங்கள். அலமாரியின் மேல்தட்டில் ஒட்டினால் அது உங்களுக்கான டைம்டேபிள் ஆகிவிடும். புத்தகங்களுக்கு அவன் கைக்கு எட்டும் ஒரே தட்டு. நேரம் இரவு எட்டு மணி, பத்து நிமிடம். காலையில் பை அடுக்குவது எந்த வீட்டிலும் உருப்படாது. முதல் வாரம் பக்கத்தில் உட்காருங்கள். அவன் வாசிப்பான், அவனே எடுப்பான், உங்கள் கை நோட்டைத் தொடக் கூடாது. இரண்டாம் வாரம் "டைம்டேபிள் பாத்தியா?" என்ற ஒரே கேள்வி. மூன்றாம் வாரம் அதுவும் கிடையாது. ஞாயிறு மாலை மட்டும் இருவரும் சேர்ந்து பையைக் கொட்டி, உடைந்த பென்சிலையும் கசங்கிய தாள்களையும் எடுத்துப் போடுங்கள்.

மூன்றாம் வாரத்தில் அவன் நிச்சயம் ஒரு நோட்டை மறப்பான். எல்லாமே அந்த நாளில்தான் இருக்கிறது. பத்து மணிக்கு நோட்டைத் தூக்கிக்கொண்டு பள்ளி கேட்டில் போய் நின்றீர்களானால் மூன்று வார உழைப்பும் போனது. எதைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம், எதைக் கூடாது என்று முன்பே அவனிடம் சொல்லிவிடுங்கள். உடம்பு சம்பந்தப்பட்டது என்றால் ஓடலாம்: சாப்பாடு, தண்ணீர், மருந்து, கண்ணாடி. வேலை சம்பந்தப்பட்டதற்குப் போவதில்லை: நோட்டு, கலர் பென்சில், வீட்டுப்பாடம்.

இதற்கு டீச்சரின் துணை வேண்டும். முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள்: "டீச்சர், இந்த மாசத்திலிருந்து அவனே பை அடுக்குறான். மறந்தா நான் கொண்டுவர மாட்டேன். தனித்தாள்ல எழுதச் சொல்லி, வீட்ல வந்து நோட்ல ஏத்தச் சொல்லுங்க. ஆனா கிளாஸ் முன்னாடி நிக்க வெச்சுத் திட்ட வேண்டாம்." கடைசி வாக்கியத்தைக் கேட்கத் தயங்க வேண்டாம். சலேசிய சபையை நிறுவிய தொன் போஸ்கோ 1877இல் தம் கல்விமுறையைப் பற்றி எழுதிய சிறு நூலிலேயே, மிக அரிதான சமயங்கள் தவிர, கண்டிப்பதும் தண்டிப்பதும் மற்றப் பிள்ளைகள் முன்னால் கூடாது, தனியாகத்தான் என்று எழுதியிருக்கிறார். அவருடைய சபையினர் 1906இல் தஞ்சாவூரில் வந்து இறங்கியதிலிருந்து அந்த முறை நம் ஊருக்குத் தெரிந்ததுதான். வேலையைத் திரும்பச் செய்யும் பிள்ளை கற்றுக்கொள்கிறான். நாற்பது பேர் முன்னால் நிற்கும் பிள்ளைக்கு அன்றைக்குத் தன் முகத்தை எங்கே வைப்பது என்பது மட்டும்தான் நினைப்பாக இருக்கும்.

ஷூ லேஸ் பலருக்கும் தலைவலி. காலில் போட்டுக்கொண்டே பழக்குவதால்தான் வருவதில்லை. குனிந்தால் வயிறு மடங்கும், தலை மறைக்கும், விரல் தெரியாது. ஷூவை மேஜைமேல், நுனி எதிர்ப்பக்கம் பார்க்க வையுங்கள். இரண்டு நிறத்தில் பழைய லேஸ் இரண்டை முடிந்து கோத்துவிட்டால் எந்த நுனி எதற்குள் போகிறது என்று தெளிவாகத் தெரியும். தினமும் ஐந்து நிமிடம். முதல் நாட்களில் கடைசி இழுப்பு மட்டும் அவனுடையது, பிறகு வளையம், பிறகு முதல் முடிச்சு. இப்படிப் பின்னாலிருந்து முன்னால் வந்தால் ஒவ்வொரு நாளும் வேலையை அவன்தான் முடித்திருப்பான். பட்டன், முடிச்சு இவற்றுக்கென்றே மரச் சட்டங்கள் செய்து பிள்ளைகள் கையில் கொடுத்தவர் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலத்தில் கொடைக்கானலிலும் இருந்து வேலை செய்தவர். அந்தச் சட்டங்களை விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அப்பாவின் பழைய சட்டையைத் தலையணைக்கு மாட்டிவிட்டாலே பட்டன் போடும் சட்டம் தயார்.

மற்ற வேலைகள் எந்த வயதில் என்று ஓர் உத்தேசம் சொல்கிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை டிபன் பாக்ஸ் மூடியையும் தண்ணீர் பாட்டில் மூடியையும் தானே திறக்க வேண்டும், கழிப்பறை போய்விட்டுத் தானே சுத்தம் செய்துகொள்ள வேண்டும், சாப்பிட்ட தட்டைக் கழுவ வேண்டும். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகள் இதில் முந்திக்கொள்கிறார்கள். தட்டைக் கழுவிப் பையில் வைப்பது அவர்களுக்குத் தினசரி வேலை. புதுப் பாக்ஸ் வாங்கினால் பள்ளிக்குக் கொடுப்பதற்கு முன் வீட்டில் தரையில் உட்கார வைத்து மூன்று நாள் அதில் சாப்பிடச் செய்யுங்கள். மூடி இறுகிக்கொண்டு, கேட்க வெட்கப்பட்டு, பட்டினியாகத் திரும்பும் சின்னப் பிள்ளைகள் உண்டு. இரண்டாம் வகுப்பில் குளியல், தலைவாரல். இரட்டைப் பின்னல் போடும் பெண் பிள்ளைக்கு முழுப் பின்னலும் வர ஒன்பது, பத்து வயது ஆகும். அதுவரை சீப்பு, எண்ணெய், ரிப்பன் எடுத்துவந்து உட்காருவதும் ரிப்பன் முடிச்சுப் போடுவதும் அவள் வேலை. மூன்றாம் வகுப்பில் சாக்ஸ் துவைப்பது, தெருமுனைக் கடைக்கு 50 ரூபாயோடு போய் இரண்டு பொருள் வாங்கி மீதியை எண்ணி வருவது. நாலு, ஐந்தில் துணி மடிப்பது, வாழைப்பழம் வெள்ளரிக்காய் நறுக்குவது, தம்பி தங்கையின் பையைப் பார்த்துக்கொள்வது.

தனியாக நடந்து பள்ளிக்குப் போவது வேறு கணக்கு. வண்டியின் வேகத்தைக் கணிக்கும் திறன் பத்து வயதுக்கு முன் சரியாக அமைவதில்லை. ஆகவே நெடுஞ்சாலையோ பேருந்து ஓடும் சாலையோ குறுக்கே வந்தால் ஐந்தாம் வகுப்பு வரை பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். தெருக்கள் மட்டும்தான் என்றால் நாலு வாரம் போதும். முதல் வாரம் நீங்கள் முன்னே, எங்கே நிற்கிறோம், எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே. இரண்டாம் வாரம் அவன் முன்னே, நீங்கள் பத்தடி பின்னே, வாய் திறக்காமல். மூன்றாம் வாரம் பாதி வழியில் நின்றுகொள்ளுங்கள். நாலாம் வாரம் அதே தெருப் பிள்ளைகள் இரண்டு பேரோடு.

இனி அழுகை. இதற்கான கருவியை அவன் அடுத்த வருடம் புதுநன்மை வகுப்பில் மனப்பாடமே செய்யப்போகிறான். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு, அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு, வேண்டியவை ஐந்து என்று நீங்களும் படித்திருப்பீர்கள்: செய்ததை நினைத்துப் பார்ப்பது, மனம் வருந்துவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, குருவிடம் சொல்வது, அவர் கொடுக்கும் அபராதத்தைத் தீர்ப்பது. ஒரு தவறிலிருந்து மனிதன் எழுந்து வருவதற்கு இதைவிடத் தெளிவான வரைபடம் எனக்குத் தெரியாது. ஆனால் இதை வருடத்துக்கு நாலு முறை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு மட்டும் என்று வைத்துவிட்டோம். வீட்டில் நடக்கும் ஒவ்வொரு சின்னத் தவறுக்கும் இதே ஐந்து படியில் இறங்கி ஏறப் பழக்குங்கள்.

உதாரணமாக, பக்கத்துப் பிள்ளையின் ஸ்கேலை உடைத்துவிட்டான், டீச்சர் திட்டினார், வீட்டுக்கு வந்ததும் தேம்பல். முதலில் அழுது முடிக்கட்டும், தண்ணீர் கொடுங்கள், பத்து நிமிடம் பேச வேண்டாம். அழும் பிள்ளையிடம் சொல்லும் புத்தி காதில் ஏறாது. பிறகு, "என்ன நடந்துச்சு, முதல்லேருந்து சொல்லு." யார் மேல் தப்பு என்று இப்போது கேட்கக் கூடாது. கேட்டால் கதை மாறிவிடும். அடுத்து, "ஸ்கேல் உடைஞ்சதும் அவன் முகம் எப்படி இருந்துச்சு?" மனவருத்தம் இந்தக் கேள்வியில்தான் பிறக்கும். "நீ கெட்ட பையன்" என்று சொன்னால் பிறக்காது. மூன்றாவது, "அடுத்த தடவை அவன் பொருள் வேணும்னா என்ன செய்வே?" பதில் அவனிடமிருந்து வர வேண்டும், ஒரு நிமிடம் ஆனாலும் காத்திருங்கள். நாலாவது, அந்தப் பிள்ளையிடம் போய்ச் சொல்வது: "உன் ஸ்கேலை நான்தான் உடைச்சேன்." கடைசியாக ஈடு: தன் உண்டியலிலிருந்து எடுத்த காசில் புது ஸ்கேல் வாங்கி, தன் கையால் கொடுப்பது.

இதில் பெற்றோர் தவறுவது இரண்டு இடங்களில். முதல் மூன்று படியையும் தாண்டி நேராக "போய் சாரி சொல்லு" என்று தள்ளிவிடுகிறோம். அந்த சாரி உதட்டில் மட்டும்தான் இருக்கும். அல்லது ஐந்தாம் படிக்குப் பதிலாக ஓர் அடி வைத்துவிடுகிறோம். அடி வாங்கிய பிள்ளை கணக்கு தீர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறான், ஸ்கேல் இழந்த பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஈடு செய்வது தண்டனையைவிடக் கனமானது. ஆனால் அதை முடித்த பிள்ளை நிமிர்ந்து நிற்கிறான். "நான் கெடுத்ததை நானே சரிசெய்தேன்" என்ற அனுபவம் சேரச் சேரத்தான் அழுகை குறையும்.

ஐந்தாம் படியோடு அந்த விஷயம் முடிந்தது. பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு எந்தக் காரணத்துக்காகவும் வெளியே சொல்லக் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். தாயும் தகப்பனும் அந்த அளவுக்குப் போக வேண்டாம். ஆனால் தீர்ந்துபோன தவறை ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டில் எடுத்து வைப்பது, அடுத்த தவறின்போது "அன்னைக்கே ஸ்கேலை உடைச்சவன்தானே" என்பது, இரண்டும் பிள்ளைக்கு ஒன்றைத்தான் சொல்கின்றன: உண்மையைச் சொன்னால் அது தீராது. அதன் பிறகு மறைக்கத் தொடங்குவான். இதே காரணத்தால், முதல் பாவசங்கீர்த்தனம் முடித்து வரும் பிள்ளையிடம் "ஃபாதர்கிட்ட என்ன சொன்னே?" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள். அது அவனுக்கே அவனுக்கென்று கிடைத்த முதல் தனியிடம்.

அதற்கு முன்பே தவறு வேறு, பாவம் வேறு என்று அவனுக்குப் பிரித்துக் காட்டிவிடுங்கள். இது மிகவும் முக்கியம். கணக்கில் மார்க் குறைந்தது, படுக்கையில் சிறுநீர் போனது, குடையை மறந்தது, பூசையில் கொட்டாவி விட்டது ஆகியவற்றைப் பாவமாக எழுதி வைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். தெரிந்து, விரும்பிச் செய்த தீமைதான் பாவம். மறதியும் இயலாமையும் விபத்தும் பாவத்தில் சேராது. "சாமி கண்ணைக் குத்தும்" என்ற வாக்கியத்தை வீட்டிலிருந்தே எடுத்துவிடுங்கள். கடவுளைக் காவல்காரராகக் காட்டி வளர்த்த பிள்ளை யாரும் பார்க்காத இடத்தில் நல்லவனாக இருப்பான் என்று நம்புகிறோம். ஆனால் பயந்த பிள்ளைக்குப் புது முயற்சியிலும் கை நடுங்கும்.

இரவு ஜெபத்தோடு மூன்று நிமிடம் சேர்த்துக்கொள்ளுங்கள். இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம் சபையினருக்குக் கொடுத்த ஆன்ம சோதனையின், அதாவது அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஜெபத்தின், குழந்தை வடிவம் இது: இன்றைக்கு எதற்கு நன்றி சொல்லலாம், எது கஷ்டமாக இருந்தது, நாளைக்கு எதை வேறு மாதிரி செய்யலாம். பெரியவர்களும் பதில் சொல்ல வேண்டும். "ஆபீஸ்ல ஒரு ஃபைலைத் தப்பா அனுப்பிட்டேன், காலைல போய் சொல்லணும்" என்று அப்பா சொல்வதைக் கேட்கும் பிள்ளைக்கு, தவறுவது பெரியவர்களுக்கும் உண்டு என்று தெரியும். ஜெபமாலையில் எட்டு வயது வரை ஒரு பத்துமணி (பத்து அருள்நிறை மரியே) போதும். அதை அவனே முன்னின்று சொல்லட்டும். ஐந்து மறையுண்மைக்கும் உட்கார வைத்துத் தூங்கி விழுந்ததற்குத் திட்டுவதில் பக்தி வளர்வதில்லை.

பள்ளித் திருப்பலியில் (பூசையில்) மன்றாட்டு, அதாவது எல்லாருக்காகவும் வேண்டும் சிறு ஜெபம், வாசிக்கக் கேட்டால் விடாதீர்கள். இரண்டு மூன்று வரிதான். மூன்றாம் வகுப்புக்கு அளவான மேடை. ஐந்து நாள் போதும். முதல் நாள் பொருள் கேளுங்கள், அர்த்தம் புரியாத வரி கட்டாயம் திக்கும். இரண்டாம் நாள் எங்கே மூச்சு விடுவது என்று பென்சிலால் கோடு. மூன்றாம் நாள் அறையின் மறு கோடியில் நீங்கள் நின்று, அவன் குரல் எட்டுகிறதா என்று பார்ப்பது. நாலாம் நாள் தடுமாற்றத்துக்கே ஒத்திகை: நடுவில் நிறுத்தச் சொல்லி, மூச்சு எடுத்து, அந்த வாக்கியத்தின் தொடக்கத்திலிருந்து மறுபடி வாசிக்கச் செய்யுங்கள். ஐந்தாம் நாள் ஒரே ஒரு முறை, அவ்வளவுதான். உங்கள் ஏற்ற இறக்கத்தை அப்படியே மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள், ஒரு சொல் தவறினால் முழுதும் போய்விடும். தடுமாறினால் என்ன செய்வது என்று தெரிந்த பிள்ளைக்கு மைக்கைப் பார்த்துப் பயம் வராது.

இனிக் கொஞ்சம் சங்கடமான விஷயம். ஆர்.சி. பள்ளியும் பங்கும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பவை. பல ஊர்களில் பங்குத்தந்தைதான் பள்ளித் தாளாளர். வகுப்பு டீச்சரே ஞாயிறு மறைக்கல்வியும் எடுப்பார், உங்கள் பகுதிக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கும் வருவார். பிள்ளைக்கு இது பெரிய பலம். பெயர் சொல்லிக் கூப்பிடும் இருபது பெரியவர்கள் அவனுக்கு இருக்கிறார்கள். ஆனால் இதே நெருக்கம் இரண்டு விதத்தில் கெடுக்கும். பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும்போது "உங்க பையன் எத்தனாவது ரேங்க்?" என்ற பேச்சு அவன் காது கேட்கவே நடக்கும். அதற்கு, "அவனையே கேளுங்க, சொல்லணும்னா சொல்லுவான்" என்ற ஒரே பதிலைப் பழக்கப்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டாவது, சிபாரிசு. ஆண்டுவிழா நாடகத்தில் சின்ன வேடம் கிடைத்தாலோ பெஞ்சு மாற்றி உட்கார வைத்தாலோ ஃபாதரிடம் ஒரு வார்த்தை சொல்வது சுலபம், நடந்தும்விடும். ஆனால் வேடமும் பெஞ்சும் கிடைத்த கையோடு, ஏமாற்றத்தைத் தாங்கிப் பார்க்கும் வாய்ப்பு அவனிடமிருந்து போய்விடுகிறது. மூன்று ஆட்டு மேய்ப்பர்களில் மூன்றாவதாக நிற்பது எட்டு வயதில் தாங்கக்கூடிய ஏமாற்றம்தான்.

குறை இருந்தால் முதல் அடியை அவன் எடுக்கட்டும். அதற்கு வாக்கியம் வேண்டும். "போய் டீச்சர்கிட்ட சொல்லு" என்றால் போக மாட்டான், என்ன சொல்வது என்று தெரியாது. வீட்டில் நீங்கள் டீச்சராக நின்று மூன்று முறை பேசிப் பழகுங்கள்: "டீச்சர், எனக்கு இது புரியல. இன்னொரு தடவை சொல்லித் தர்றீங்களா?" "டீச்சர், நான் பேசல, ஆனா என் பேரு போர்டுல எழுதியிருக்கு." அவன் சொல்லியும் நடக்கவில்லை என்றால் டைரியில் அவனே எழுதட்டும், நீங்கள் கையெழுத்து மட்டும். அதற்கும் மேல் என்றால் அவனையும் கூட்டிக்கொண்டு டீச்சரைப் பாருங்கள். பிறகு தலைமையாசிரியை சிஸ்டர். தாளாளர் கடைசி. பிள்ளைகளுக்குள் வரும் சண்டைக்கு மூன்று நாள் காத்திருங்கள், பெரும்பாலும் அவர்களே தீர்த்துக்கொள்வார்கள். ஆனால் ஒரே பிள்ளையை, வேண்டுமென்றே, திரும்பத் திரும்ப, பலமுள்ளவர்கள் சேர்ந்து வதைத்தால் அது சண்டை இல்லை. அன்றைக்கே பள்ளிக்குப் போங்கள். சாதியையோ நிறத்தையோ மதத்தையோ சொல்லிக் கேலி செய்தாலும் அப்படியே. இந்தப் பள்ளிகளில் இந்து, முஸ்லிம் பிள்ளைகளும் நிறையப் படிக்கிறார்கள். அவர்கள் தனித்துத் தெரியாமல் பார்த்துக்கொள்வது உங்கள் மகனின் வேலையும்கூட.

இதில் படிப்படியாகப் போகக் கூடாத ஒரு விஷயம் உண்டு, அது அவன் உடம்பின் பாதுகாப்பு. நம் சூழலில் ஃபாதர், சிஸ்டர், சார், பூசையில் உதவும் பீடச்சிறுவர்களைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் எல்லாரும் மரியாதைக்குரியவர்கள் என்று சொல்லி வளர்க்கிறோம். மரியாதை வேறு, உடம்பு வேறு என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொடுங்கள். உள்ளாடை மூடும் இடத்தை யாரும் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. டாக்டர் பார்த்தாலும் அம்மாவோ அப்பாவோ கூட இருக்கும்போதுதான். "வீட்ல சொல்லாதே" என்று எந்தப் பெரியவர் சொன்னாலும் அதை அன்றைக்கே வீட்டில் சொல்ல வேண்டும். யாராக இருந்தாலும் "வேண்டாம்" என்று கத்தலாம், ஓடலாம், அது பாவமே இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அவன் மனப்பாடம் செய்யட்டும். இருபத்துநாலு மணி நேரமும் இலவசம். அப்படி ஏதாவது தெரியவந்தால் பங்குக்குள் பேசித் தீர்க்கும் விஷயமாக அதை ஆக்காதீர்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும், மறைப்பது குற்றம். வீட்டில் "முடியாது" என்ற சொல்லையே சொல்ல விடாமல் வளர்த்த பிள்ளைக்கு ஆபத்து வரும் நேரத்திலும் அது வாயில் வராது. ஆகவே சாப்பாடு போதும் என்றால் போதும், மாமாவுக்கு முத்தம் கொடுக்கப் பிடிக்கவில்லை என்றால் வேண்டாம் என்று இப்போதே விட்டுவிடுங்கள்.

தோல்விக்கு மலிவான பயிற்சி பரமபதமும் கேரமும். வாரத்துக்கு இரண்டு நாள் விளையாடுங்கள், வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்காதீர்கள். தோற்றவர்தான் காய்களை எடுத்து வைக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் தோற்ற அந்த ஒரு நிமிடத்தைக் கடக்கக் கைக்கு ஒரு வேலை கிடைக்கும்.

ஈஸ்டருக்கு முன் வரும் தவக்காலமும் நல்ல பள்ளிக்கூடம். ஞாயிறுகளை விட்டால் நாற்பது நாள். தினமும் கடையில் செலவழிக்கும் 5 ரூபாயைத் தவக்கால உண்டியலில் போட்டால் 200 ரூபாய் ஆகும். வேண்டியதைத் தள்ளிப்போடப் பழகுவது இதன் பலன். கடைசி நாளில் நீங்கள் ஒரு இருநூறு ரூபாய் நோட்டை மடித்துப் போட்டால் அந்தப் பலன் போய்விடும். நடுவில் இரண்டு நாள் தின்றுவிட்டால் அந்த இரண்டு நாள் குறையட்டும், 190 என்றே கொடுக்கட்டும்.

வீட்டில் பாட்டி இருந்தால் எதிர்ப்பு அங்கிருந்துதான் வரும். "பச்சப் பிள்ளைக்கு என்ன தெரியும்" என்று சொல்லி ஊட்டிவிடுவார்கள், பையை வாங்கிச் சுமப்பார்கள். அவர்களிடமிருந்து வேலையைப் பிடுங்காமல் மாற்றிக்கொடுங்கள். பை அடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது, நடந்துபோகும் வழியெல்லாம் கதை சொல்வது, சனிக்கிழமை அவனுக்குப் பூத்தொடுக்கவோ வெண்டைக்காய் நறுக்கவோ சொல்லித்தருவது. ஊட்டுவதை வாரத்துக்கு ஒரு வேளை என்று வைத்துக்கொண்டால் பாசத்துக்கும் குறைவில்லை.

இத்தனைக்கும் பிறகு, இரண்டு மாதம் முயன்றும் பட்டன் போட வரவில்லை, போர்டைப் பார்த்து எழுத முடியவில்லை, எழுத்துகள் தொடர்ந்து மாறிப்போகின்றன, காலையில் பள்ளி என்றாலே வாந்தி என்றால் அதைச் செல்லம் என்றோ சோம்பல் என்றோ எடுத்துக்கொள்ளாதீர்கள். கண் பரிசோதனை முதலில், பிறகு குழந்தை மருத்துவர்.

இந்த வாரம் பை மட்டும். ஆறு வாரம் கழித்து ஷூ. தவக்காலத்துக்குள் ஐந்து படிகள் வாயில் வந்துவிடும். அடுத்த வருடப் புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பு, மெழுகுதிரி, படம் எடுப்பவர், பிரியாணி எல்லாம் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். ஒரு பொறுப்பை மட்டும் அவனுக்கென்று ஒதுக்குங்கள். நற்கருணை வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து தண்ணீரும் மருந்தும் தவிர வேறெதுவும் உட்கொள்ளக் கூடாது. ஏழு மணிப் பூசை என்றால் நற்கருணை வழங்க ஏறத்தாழ ஏழே முக்கால் ஆகும். அப்படியானால் எத்தனை மணிக்குச் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்று முந்தின இரவே அவனைக் கணக்குப் போடச் சொல்லி, அலாரத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும்.